திரைக்குக் கீழே கிடந்த பொத்தான்

மேலகரம் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. குற்றாலம் போகும் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தன, நான் கை காட்டவில்லை. தென்காசியில் வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

லாட்ஜ்களில் அறை பதிவு செய்யும் சாஃப்ட்வேரை விற்றுக்கொண்டிருந்தார் எங்கள் சார். அதை ஓட்டக் கற்றுத்தரும் பாடங்களைக் கம்ப்யூட்டர் திரையிலிருந்தே பதிவு செய்வது என் வேலை. பாடம் சொல்லும் இடத்தில் கற்பவர் தானே கிளிக் செய்ய வேண்டும். வேறிடத்தில் அழுத்தினால் பிழை. மூன்று முறை தோற்றால் லாட்ஜ் முதலாளியின் போனுக்குச் செய்தி போகும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இந்த வேலையைப் போனில் பார்த்துக் கற்றேன். திரை அளவை முடிவு செய்தவனும் நான்தான். சாரின் சுவர் டிவியில் பளிச்சென்று தெரிந்ததால் 1920-க்கு 1080 வைத்தேன்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில், பல வருஷமாகக் கவுண்டரில் இருக்கும் அக்கா மூன்று முறையும் தோற்றுவிட்டார். சீசனுக்கு வேறு ஆள் வைக்கப்போவதாக லாட்ஜ் முதலாளி அண்ணாச்சி சொன்னார். அன்று காலை சார் என்னை அங்கே அனுப்பினார். எனக்கு அக்கா மேல்தான் சந்தேகம். கற்க மனமில்லாதவர்கள் வேண்டுமென்றே தப்பாக அழுத்துவதுண்டு. அவருக்கோ என் மேல்.

“எங்க தப்பைப் பிடிச்சுக் குடுக்கத்தான் இதைச் செஞ்சு வச்சிருக்கிய. ‘சேமி’யை அழுத்துங்குது. எங்கன அழுத்த? பொத்தானே இல்ல.”

சாரலுக்குப் பயந்து மானிட்டருக்குப் பாலிதீன் உறை போட்டிருந்தார்கள். உறைக்குள் எழுத்து மங்குகிறது என்று அக்கா திரை அளவை 800-க்கு 600 ஆக்கி, எழுத்தைப் பெரிதாக்கியிருந்தார். திரும்பும் வழியில் எட்டிப் பார்த்த இரண்டு லாட்ஜிலும் அப்படித்தான். சாஃப்ட்வேர் திரைக்குத் தக்கபடி தன்னைச் சுருக்கிக்கொள்ளும். பதிவு செய்த பாடம் சுருங்காது. பாடத்தின் மேல்மூலை மட்டும் தெரிந்தது. ‘சேமி’ திரைக்குக் கீழே எங்கோ கிடந்தது. அவர் தேடித் தேடி அழுத்தியதெல்லாம் பிழையாக ஏறியிருந்தது.

தென்காசிக்குத் திரும்பி சாரிடம் சொன்னேன். வேறு யார் யார் தோற்றார்கள் என்று பட்டியலைக் கேட்டேன். சார் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அதை நீ பாக்க வேண்டாம். அந்தம்மாவுக்கு வயசாயிட்டு, புரியலன்னு எழுதிக் குடு.”

பாடத்தின் கோளாறு அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் பட்டது. இனி வரமாட்டேன் என்றேன். தங்கியிருந்த ஆபீஸ் அறையிலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டேன்.

நடந்தே குற்றாலம் வந்து அந்த லாட்ஜுக்குள் நுழைந்தபோது அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“காலையில அவங்க ஆளா வந்தே. சாயங்காலம் அவங்க பொருளே சரியில்லைங்கே. நாளைக்கு யாரு ஆளுலே?”

“வேலையை விட்டுட்டேன் அண்ணாச்சி.”

“விட்டியா, விரட்டுனாங்களா?”

கவுண்டரிலிருந்து அக்கா நிமிராமலே சொன்னார்: “இவன் சொல்லுததை நம்பாதிய அண்ணாச்சி. எனக்காவப் பேச நான் கூப்பிடல.”

“இந்தத் திரையிலேயே பாடம் எடுத்துத் தாரேன்,” என்றேன். “அதுலயும் அக்கா தோத்தா வேற ஆளைப் போடுங்க.”

அண்ணாச்சி என் பையை வாங்கி, சட்டைகளை உதறிப் பார்த்துவிட்டு, வராந்தாவில் படுத்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் காலை திரை அளவைத் தொடாமல், உறையையும் கழற்றாமல், பாடத்தைப் பதிவு செய்தேன். அண்ணாச்சி பின்னால் நாற்காலி போட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முதல் தடவை ஓரிடத்தில் தவறினார். இரண்டாவது தடவை பிழையில்லை. அண்ணாச்சி போனை எடுத்து, வரச் சொல்லியிருந்த ஆளை வர வேண்டாம் என்றார்.

“ரூம் கூட்டுத பய ரெண்டு நாளா வரல,” என்றார் என்னிடம். “விளக்குமாறு படிக்குக் கீழ இருக்கு.”

சரி என்றேன். மாடியில் ஆறு அறைகள். அக்கா சாவிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்து, நோட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.