பிலோமினா அக்கா ஒட்ட மறுத்த டைல்ஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை, சிதம்பரத்தில் ஒரு வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கடியில் படுத்துக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்காவின் மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நெஞ்சுவலி. கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். வெளியே வந்து உட்கார்ந்தேன். கையில் ஒட்டியிருந்த கசடு நாறியது. அதைவிட மோசமான ஒரு நாற்றம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது.

அக்கா செம்மங்குப்பத்துக்காரர். சித்தாளாகச் சிமெண்ட் சட்டி சுமக்க வந்து, டைல்ஸ் ஒட்டுவதைப் பார்த்தே பழகி, தனியாக வேலை எடுக்கும் அளவுக்கு வந்தவர். டைல்ஸுக்கு அவரும் குழாய்க்கு நானுமாகப் பல வருடம் சேர்ந்து போனோம். "பொம்பள ஒட்டினா நிக்குமா?" என்று மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்காரர் கேட்டார். "ஆம்பள பொம்பளன்னு பசைக்குத் தெரியாதுங்க சார். செவுரு காஞ்சிருக்கணும், தூசி இருக்கக் கூடாது. அதான் அதுக்கு வேணும்" என்றார் அக்கா.

பிறகு சிதம்பரத்தில் ஒரு லாட்ஜைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. எட்டு அறைகளில் குளியல் தொட்டி. தொட்டியின் முன்பக்கத்தைப் பலகையால் மூடி அதன் மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டும். காண்ட்ராக்டர் இறக்கி வைத்திருந்தது மட்டமான ப்ளைவுட். ஒட்டுவதற்கு வெறும் சிமெண்ட்.

அக்கா பலகையை அழுத்திப் பார்த்தார். வளைந்தது. "இது ஆகாது சார். தண்ணி பட்டா உப்பிடும். சிமெண்ட் போர்டு வாங்கிக் குடுங்க, ஆடாத மாதிரி ஃப்ரேம் அடிச்சு மாட்டிக்கலாம். பசையும் கொஞ்சம் இழுத்துக் குடுக்கிற பசையா வேணும். ஆளு ஏறி எறங்கும்போது தொட்டி அசையும்ல? வெறும் சிமெண்ட் வெடிச்சுடும்."

"மேல டைல்ஸ் வந்துட்டா உள்ள இன்னா இருக்குன்னு எவன் பாக்கப் போறான்?" என்றார் காண்ட்ராக்டர்.

"தண்ணி பாக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டார். கடலூர் பஸ் ஏறிப் போய்விட்டார். நான் போகவில்லை. குழாய் வேலை பாதியில் நிற்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரையோ வைத்து எட்டையும் ஒட்டி முடித்தார்கள்.

நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒரு அறையில் டைல்ஸ் கொத்தாகப் பெயர்ந்து, தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் பாதத்தைக் கிழித்தது. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். காண்ட்ராக்டர், லாட்ஜ் முதலாளியின் முன்னால் கொஞ்சமும் கூசாமல், "அந்தக் கடலூர் பொம்பள ஒட்டினது சார். அவுங்கள நம்பி மோசம் போயிட்டேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவரிடம் எனக்கு அடுத்த வேலை இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது, அவர்மேல் மட்டுமல்ல.

விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, மறுநாளே அக்கா வந்து நின்றார். முதலாளியை அழைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய், மிச்சமிருந்த பலகையை உளியால் நெம்பினார். மரம் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரிப் பிய்ந்து வந்தது. பின்னால் கறுப்பாக, சளி மாதிரிக் கொழகொழவென்று வழிந்தது. அதற்குள்ளிருந்து கரப்பான்கள் கூட்டமாக ஓடின. ஓர் எலி அங்கேயே செத்து மட்கியிருந்தது. முதலாளி வாசலுக்கு ஓடி ஓங்கரித்தார். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கோயிலுக்குப் போகுமுன் இதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் குளித்திருக்கிறார்கள்.

அக்கா அசையவில்லை. விழுந்த டைல்ஸ் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார். நாலு மூலையில நாலு உருண்ட வச்சு அமுக்கியிருக்கு. நடுவுல பூரா காலி. நான் பல்லுக் கரண்டியால முழுசாக் கோடு இழுத்துதான் ஒட்டுவேன். இது என் கை இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் எப்ப போனேன்? சொல்லு."

"ஒட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க சார்" என்றேன். அவ்வளவுதான். முந்தின நாளே சொல்லியிருக்கலாம்.

முதலாளி எட்டையும் அக்காவிடமே ஒப்படைத்தார். சிமெண்ட் போர்டு அடித்து, ஓரமெல்லாம் தண்ணீர் புகாதபடி சிலிக்கான் இழுத்து, குழாய் பார்க்க எனக்குக் கழற்றி மாட்டுகிற திறப்பும் வைத்துக் கொடுத்தார். டீ குடிக்கும்போது ஒரே ஒரு முறை கேட்டார்: "வாய்லயும் பசை தடவி உட்டுட்டானா தம்பி?" அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அடக்கத்துக்குக் காண்ட்ராக்டரும் வந்திருந்தார், பெரிய ரோஜா மாலையோடு. வாசலில் நின்றவர்களிடம், "நம்மகிட்ட வேல பாத்தவுங்க. தங்கமான கை. நான்தான் தூக்கி உட்டேன்" என்றார்.

"அவுங்க உங்ககிட்ட வேல பாக்கல சார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "மட்டமான பலகையில ஒட்ட மாட்டேன்னு எழுந்து போனவுங்க. நீங்க அவுங்க மேல பழி போட்டீங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவர் மாலையை ஒரு நாற்காலியில் போட்டுவிட்டுக் கிளம்பினார். அக்காவின் மகள் என்னையே பார்த்தாள். வீட்டில் அக்கா இதைச் சொல்லியிருக்கவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெட்டியை இறக்கினார்கள். மகள் குனிந்து ஒரு பிடி ஈரமண் எடுத்துப் போட்டாள். இன்னொரு பிடி எடுத்து என் கையில் வைத்தாள். போட்டேன்.

இளைப்பாறுங்கள், அக்கா.