ஊர் என்று மைக்கில் சொன்னேன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பெருமை அதைவிடச் சீக்கிரம் வரும். கோபத்தால் கெட்டதைவிடப் பெருமையால் நான் கெட்டதுதான் அதிகம். இது அப்படி ஒரு கதை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில், மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினால் வரும் ஓர் ஊராட்சிக்குச் செயலராக மாற்றலாகிப் போனேன். உத்தரவில்தான் செயலர். அங்கே எல்லோர் வாயிலும் நான் கிளார்க்கம்மா. நான் அந்த மலையிலேயே பிறந்தவள். மலையாளி என்று என் சாதிச் சான்றிதழில் இருக்கும். முதல் நாளே டீக்கடையில் ஒருவர், "கேரளாவாம்மா? தமிழு நல்லா பேசுறியே" என்றார். மலையில் வாழ்வதால் மலையாளி என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது.

தலைவர் பதவி அந்த முறை பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. காலனியிலிருந்து ஒரு பெண் ஜெயித்திருந்தார். என் வயதுதான். கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். ஊர்த் தெருவில் சின்னப் பையன்கூட அவரை 'நீ' என்பான். அவர் எல்லோருக்கும் 'ங்க' போடுவார். நான் 'தலைவரே' என்று கூப்பிட்டபோது திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

அவர் ஓட்டுக் கேட்டதே ஒரு விஷயத்துக்காகத்தான். காலனிக்கு சுடுகாட்டுப் பாதை இல்லை. கோமுகி அணையிலிருந்து வரும் வாய்க்காலின் கரைதான் பாதை. வரைபடத்தில் அது மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு அரசுப் புறம்போக்காக இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற வரப்புதான் மிச்சம். கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வருடத்துக்கு ஒரு முழமாக வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்டார். முந்தின மழைக்காலத்தில் பிணம் தூக்கிப் போனவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, செத்துப்போன கிழவி சேற்றில் விழுந்துவிட்டாள். வழுக்கியது தலைவரின் அப்பாவுக்குத்தான்.

நான் சேர்ந்தபோது அந்த மனிதர் படுக்கையில் இருந்தார். ஒருநாள் தலைவர் வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"நான் தூக்கிக்கினு போனப்போ வுழுந்துச்சும்மா அந்தக் கெழவி. இன்னிக்கும் தூக்கத்துல வரா. என்னை அப்டி வுழ வுடாதீங்க."

"அக்டோபர் ரெண்டாம் தேதி கிராம சபையில தீர்மானம் போட்டுடலாங்கய்யா" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

அந்த ஊராட்சியில் கிராம சபை என்றால் நோட்டு வீடு வீடாகப் போகும், கையெழுத்தும் கைநாட்டும் விழும், தீர்மானத்தைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்வார்கள். நான் வந்துவிட்டேன் அல்லவா, இனி நிஜக் கூட்டம்தான் என்று முடிவு செய்தேன். ஆள் வர வேண்டுமே. அச்சடித்த நோட்டீசில் 'கிராம சபைக் கூட்டம்' என்றுதான் இருந்தது. மைக் செட் ஆட்டோவுக்கும் அதையே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பேன். கிராம சபை என்பது அரசாங்க பாஷை, யாருக்குப் புரியும் என்று நினைத்தேன். எங்கள் மலையில் 'ஊர்க் கூட்டம்' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மொத்தப் பேரும் வந்துவிடுவோம். பெண்கள் ஓரமாகத்தான் உட்காருவோம், வாயைத் திறந்தால் முறைப்பார்கள், அதெல்லாம் உண்டு. ஆனாலும் ஊர் என்றால் அதில் நாங்களும்தான். ஆகவே கூட்டத்துக்கு முதல் நாள் ஆட்டோவில் நானே ஏறி உட்கார்ந்து, நல்ல தமிழில், மூச்சு விடாமல் சொன்னேன்:

"நம்ம ஊர்க் கூட்டம், நம்ம ஊர்க் கூட்டம்! ஊர் மக்கள் அனைவரும் தவறாமல் வந்து சேருங்கள்! சுடுகாட்டுப் பாதை பற்றி முடிவு எடுக்கப்படும்!"

ஊர்த் தெருக்களில் இரண்டு சுற்று, காலனியில் மூன்று சுற்று. காலனியில் பெண்கள் வாசலுக்கு வந்து கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். என் குரல் எடுப்பைக் கேட்டு மலைத்துப்போனார்கள் என்றே நினைத்தேன். தலைவர் அன்று ஊரில் இல்லை. அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அக்டோபர் இரண்டு காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஜமுக்காளம் விரித்தோம். கூட்டம் செல்லுபடியாக நூறு பேர் வேண்டும். நூறைத் தாண்டியே வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தைக் கவனிக்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த பற்றாளர்கூட, "பரவாயில்லையே, நல்ல டர்ன் அவுட்டு" என்றார். பிறகுதான் முகங்களைப் பார்த்தேன். எல்லாம் ஊர்த் தெரு. அத்தனையும் வெள்ளை வேட்டி. வாய்க்கால்கரைப் பெரியவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

காலனியிலிருந்து ஒரே ஓர் ஆள். தலைவர் மட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த கசங்கிய சேலையோடு.

"உங்க ஆளுங்க எங்க தலைவரே?" என்றேன், மெதுவாக.

"நீங்க மைக்ல இன்னா சொன்னீங்க?"

"ஊர்க் கூட்டம்னு சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

"ஊருன்னா அவுங்கதாங்க. நாங்க காலனி. ஊர்க் கூட்டத்துக்கு எங்கள ஒரே வேலைக்குத்தான் கூப்டுவாங்க. நிக்க வச்சு தெண்டம் போட. வழி கேட்டதுக்குத் தெண்டம்னு நெனச்சிக்கினு ஆம்பளைங்க அல்லாரும் வெடிகாலமே வேலைக்குக் கெளம்பிட்டாங்களாம். இப்பதான் போன்ல சொன்னாங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்குகூட இல்லை. காலனியைப் பயமுறுத்தி விரட்டிவிட்டு, ஊருக்கு மேளதாளத்தோடு அழைப்பு வைத்திருந்தேன்.

பாதை விஷயத்தைப் படித்தேன். பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"எழுதும்மா. புதுசா பாதை எதுவும் தேவையில்லன்னு ஊரு ஒருமனதா முடிவு பண்ணிச்சு. முடிஞ்சுது இல்ல? கையெழுத்துப் போட்டுட்டு போய்க்கினே இருக்கலாம்."

"ஒருமனதா இல்லீங்க" என்றார் தலைவர். "எனக்கும் மனசு இருக்குதுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஒத்த ஆளு மனசெல்லாம் கணக்குல சேராது, நீ உக்காரு" என்றது இன்னொரு குரல். உட்காரச் சொன்னார்களே தவிர, அவருக்கு அங்கே நாற்காலி இல்லை. என் நாற்காலியைத் தள்ளினேன். அவர் உட்காரவில்லை. அத்தனை கண்களும் என் பேனா மேல் இருந்தன. தீர்மானப் புத்தகம் திறந்தே கிடந்தது. அதில் நான் எழுதிவிட்டால் எழுதியதுதான், அதை மாற்ற ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்.

பேனாவை மூடினேன். "சார், அறிவிப்புல தப்பு நடந்திருக்கு. தப்பு என்னோடது. காலனிக்குச் சரியா தகவல் போகல. அரை மணி நேரம் கொடுங்க" என்று பற்றாளரிடம் கேட்டேன்.

"குறைவெண்தான் இருக்கேம்மா, நூறு பேருக்கு மேல வந்தாச்சு. நடத்த வேண்டியதுதானே?"

"பாதி கிராமம் இல்லாம சபை எப்படி சார்?"

என் குரல் உயர்ந்துவிட்டது. "மலையில இருந்து எறங்கி வந்து எங்களுக்கே சட்டம் சொல்றியா?" என்று ஒருவர் எழுந்தார். நான் பதில் சொல்ல நிற்கவில்லை. வாசலில் நின்ற மைக் செட் ஆட்டோவில் ஏறினேன்.

காலனியில் மைக்கைப் பிடித்தேன். "இது ஊர்க் கூட்டம் இல்லீங்க, கிராம சபை. தெண்டம் கிடையாது. நான் தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சிக்குங்க. உங்க பாதைக்கு நீங்க வந்து கை தூக்கணும்" என்று கெஞ்சினேன். கதவுகள் திறக்கவில்லை. ஒரு பெண் மட்டும் வெளியே வந்தாள். "நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க. நாங்க எத நம்புறது?" என்றாள். நியாயமான கேள்வி. பதிலுக்கு அழுதுவிட்டேன். அழுகையை நம்பினார்களோ என்னவோ, பதினோரு பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு என்னோடு நடந்தார்கள்.

பள்ளிக்கூட வாசலில் நாலைந்து பைக்குகளைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். வண்டி மேல் சாய்ந்து நின்ற ஆண்கள் நகரவில்லை. பெண்களும் திரும்பவில்லை. ஒரு பைக்கை யாரோ வேண்டுமென்றே முறுக்கி உறுமவிட்டார்கள். முன்னால் நின்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற அளவுக்கு. ஒரு கல் விழுந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. பற்றாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருந்து அவர் மைக்கில் அவசரமாகச் சொன்னார்: சட்டம் ஒழுங்கு கருதி இந்தப் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. கூட்டம் முடிந்தது.

தேவையில்லை என்று எழுதவில்லை. வேண்டும் என்றும் எழுதவில்லை. 'ஒத்திவைக்கப்பட்டது' என்று என் கையால் எழுதினேன். அடுத்த கூட்டம் நவம்பர் ஒன்று. ஒரு மாதம்தானே, அந்த மனிதர் தாங்கிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் தாங்கவில்லை. அணை திறந்து, மழையும் பிடித்துக்கொண்ட வாரத்தில் போய்ச் சேர்ந்தார்.

நானும் போனேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஆனால் ஒரே பிள்ளை என்பதால் தலைவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். கரை சொதசொதவென்று கிடந்தது. அதில் நாலு பேர் பாடை தூக்கி நடக்க வழியே இல்லை. ஒரு பக்கம் அப்போதுதான் நட்ட வயல், அதன் ஓரத்தில் குடையோடு பெரியவரின் ஆட்கள். பயிரில் கால் வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே ஆண்கள் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கினார்கள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் கால் என்று ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டு, அடி அடியாக நகர்ந்தார்கள். தலைவர் கரையில் ஒருக்களித்து நடந்தபடி, "வுட்றாதீங்க, வுட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அழக்கூட அவருக்கு நேரமில்லை. ஓர் இடத்தில் பாடை சாய்ந்தது. நாலைந்து கைகள் பாய்ந்து தாங்கின. விழவில்லை. கால் பக்கம் மட்டும் நனைந்துவிட்டது. ஒரு வார்த்தையை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இவர் காய்ந்த காலோடு போயிருப்பாரோ என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் பாதை வந்துவிடாதுதான். அப்படி என்னை நானே சமாதானம் செய்துகொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் ஒன்றுக்கு நான் மைக் பிடிக்கவில்லை. தலைவரே பிடித்தார். காலனி மொத்தமும் வந்தது. வேலையை விட்டுவிட்டு வந்து, ஜமுக்காளத்தில், நடுவில் உட்கார்ந்தார்கள். ஊரும் வந்தது. வாசலில் போலீஸ்காரர்கள் இருவர் நின்றார்கள்.

விஷயத்தைப் படித்ததும் வாய்க்கால்கரைப் பெரியவர் இந்த முறை எழுந்தார்.

"அதான் தூக்கிக்கினு போய் கொளுத்திட்டீங்களே. இனிமே எதுக்குப் பாதை?"

காலனி இளைஞர்கள் இரண்டு பேர் எழப் போனார்கள். தலைவர் கையை மட்டும் காட்டினார், அவர்கள் உட்கார்ந்தார்கள்.

"சாவறதுக்கு இன்னும் ஆளு இருக்குதுங்க" என்றார் தலைவர். "நானே இருக்கறேனே."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், பிறகு வேறெங்கோ பார்த்தார். பாதை வேண்டும் என்பவர்களைப் பற்றாளர் கை தூக்கச் சொன்னார். காலனிப் பக்கம் எல்லாக் கைகளும் எழுந்தன. ஊர்ப் பக்கம் கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். அவள் கணவன் திரும்பி முறைத்தான். எண்ணி முடிக்கும்வரை அவள் இறக்கவில்லை. வேண்டாம் என்ற கைகளைவிட வேண்டும் என்ற கைகள் கூடுதலாக இருந்தன; பெரும்பான்மையாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதினேன். ஒருமனதாக என்று எழுத முடியாததில் எனக்கு வருத்தமில்லை.

புத்தகத்தைத் தலைவர் பக்கம் திருப்பினேன். கல்யாணமாகியும் இனிஷியலை மாற்றிக்கொள்ளாதவர் அவர். அப்பாவின் பெயரின் முதல் எழுத்தை எழுதினார், புள்ளி வைத்தார். அதற்குமேல் பேனா நகரவில்லை. பின்னால் கையெழுத்துப் போட வரிசை நின்றது. நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை.