துக்கம் கேட்கப் போன வகுப்பு

பள்ளிக்கூடம் முடிந்த பிறகு எங்கள் வகுப்புப் பெண்கள் ஒன்றுகூடியதெல்லாம் எழவு வீடுகளில்தான். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல, எங்கள் மாமியார்கள்தான் பொறுப்பு. கல்யாணமான பெண் சினிமாவுக்குப் போகிறேன் என்றால் ஒரு முறைப்பு. கூடப் படித்தவளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால், "அவ உனக்கு என்ன மொறை வேணும்?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் கிடையாது. கூடப் படித்தது ஒரு முறையா என்ன? ஆனால் துக்கம் கேட்கப் போகிறேன் என்றால் எந்த மாமியாரும் மறுக்க முடியாது. மறுத்தால் நாளைக்குத் தன் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கும் உண்டு.

அதனால் எங்களில் ஒருத்தியின் அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, செத்தால் மற்றவர்களுக்கு அது நல்ல நாள். போய் இறங்கியதும் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுவோம். அது முறை. பிறகு பந்தலின் ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வோம். பேச்சு ஆரம்பிக்கும். யார் மாமியார் என்ன செய்தார், யாருக்கு மறுபடியும் மசக்கை, யார் வீட்டுக்காரர் சீட்டு விளையாடுகிறார் என்று எல்லாம் வரும். முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி குலுங்கினால், பாவம், தாங்காமல் அழுகிறாள் என்று ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். பாதி நேரம் சிரித்துக்கொண்டிருப்பாள். கண்ணைத் துடைக்க எங்கள் பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியை நான்தான் பை நிறையக் கொண்டுபோவேன். மெத்தென்று இருக்கும், மூக்கும் சிந்தலாம்.

இதில் ஒரே குறை கிளம்பும்போதுதான். எழவு வீட்டில் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு எழவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அதனால் பாதிப் பேச்சில் ஒருத்தி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பாள். மீதிக் கதை அடுத்த சாவுக்குத்தான்.

இத்தனைக்கும் வகுப்பிலேயே குறைவாகப் படித்தவள் நான். எட்டாவது பாதியில் வயசுக்கு வந்தேன், பள்ளிக்கூடத்தில் பேரை அடித்துவிட்டார்கள். மற்றவர்கள் எனக்கு மேலே ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ போனார்கள். ஆனால் என்னைக் கட்டிக்கொடுத்த வீடு காதர்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் பனியன் கம்பெனி, பின்பக்கம் நாங்கள். டவுனுக்கு எதற்கு வந்தாலும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்ணீர் குடிக்க நிற்பார்கள். நான் பனியனை மடித்து அடுக்கிக்கொண்டே எல்லாரைப் பற்றியும் கேட்டுக்கொள்வேன். படிப்பு ஏறாதவள் வகுப்புக்கு லீடர் ஆனது இப்படித்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு யாருக்கும் பேர் இல்லை, கட்டிக்கொடுத்த ஊர்தான் பேர். நெருப்பெரிச்சல்காரி, பல்லடத்துக்காரி என்றுதான் கூப்பிடுவோம். பொங்கலூர்க்காரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கணக்கில் நான் வாங்கிய மார்க்கெல்லாம் அவள் நோட்டிலிருந்து வந்தவை. அவளைத்தான் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கவே முடியவில்லை. மாசமாக இருப்பவள் எழவு வீட்டுக்கு வரக் கூடாது. பச்சைப்பிள்ளைக்காரியும் வரக் கூடாது. அவளோ அடுத்தடுத்துப் பெற்றுக்கொண்டிருந்தாள். சாகிறவர்களும் அவள் மாசமாக இருக்கும் நேரம் பார்த்தே செத்தார்கள். ஒருவழியாகப் பிள்ளைகள் எழுந்து ஓடியாடித் திரிந்த வருஷம், எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் சாகவில்லை. கிழவர்கள் எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள்.

அவள் வீட்டுக்காரர் பருத்தி வண்டியோடு மண்டிக்கு வரும்போது எங்கள் வாசலில் நின்று ஒரு சொம்பு மோர் குடிப்பார். சாதுவான மனிதர். ஒரு நாள் மோரைக் குடித்துவிட்டும் போகாமல் நின்றார்.

"உங்க சிநேகிதி ஒண்ணு கேக்கச் சொன்னாளுங்க."

"என்னங்க?"

"நாஞ் செத்தாத்தான் நீங்க அல்லாரும் எங்கூட்டுக்கு வருவீங்களான்னு கேக்கச் சொன்னாளுங்க." சொம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சொம்பை வாங்கி வைத்தேன். 

"நீங்களே ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வரக்கூடாதுங்களா?" என்றேன்.

"எங்கம்மாகிட்ட என்னன்னு சொல்றதுங்க? பொய் சொன்னா எனக்குக் காது செவந்துருமுங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான். அம்மா என்ற மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, காதைத்தான் பாப்பாங்க."

அன்று சாயங்காலமே டீச்சரிடம் போனேன். எங்களுக்குத் தமிழ் எடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தார். எங்களில் பலரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி வீடு வீடாக வந்து கேட்டவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏன் கண்ணு, நான் செத்தாப் போதுமா?"

"டீச்சர்!"

"இதுல என்ன? யாரு யாரு வந்து அழுவீங்கன்னு எனக்கும் பாக்கோணும். பொறவு எங்கிருந்து பாக்கறது?"

பொங்கலூருக்கு நானே பஸ் ஏறினேன். என் மாமியாரிடம் டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் சொன்னேன். உள்ளூரில் முழுச்சாவுப் பொய் செல்லாது.

எழவு சொல்லப் போகிறவள் வீட்டுக்குள் போகக் கூடாது. வாசலிலேயே நின்றேன். அவள் மாமியார் வந்தார். நெடுநெடுவென்று உயரம், கை இரண்டிலும் பருத்தி.

"எங்க டீச்சர் போயிட்டாங்க அத்தை," என்றேன்.

"கலியாணத்துக்கு வந்து குத்துவெளக்குக் குடுத்தாங்களே, அவிங்களா? அடக் கடவுளே. எப்ப எடுக்கறாங்க?"

"நேத்தே எடுத்தாச்சுங்க. ஒண்டிக்கட்டை பாருங்க."

"என்ன சீக்கு?"

"ஒண்ணுமே இல்லீங்க. சிரிச்சுட்டே இருந்தாங்களாமா."

அதற்குள் மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து சாணிக் கையோடு அவள் வந்துவிட்டாள். கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், நான் கொண்டுபோன கண்ணீருக்கு வேலையே இல்லை. மாமியார் அவள் தலையைத் தடவினார். "கூட்டிட்டுப் போ சாமி. பொழுது உழுகறதுக்குள்ள ஊடு சேரோணும்," என்றார்.

பஸ் ஊரைத் தாண்டும் வரை அவளை அழவிட்டேன். பிறகு தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"போதும் புள்ள, மூஞ்சியத் தொடை. டீச்சர் பணியாரம் சுட்டுட்டு இருக்கறாங்க."

"செத்துட்டாங்கன்னு சொன்னியே!"

"ஆமா. செத்தவங்கதான் சுடறாங்க."

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் என் முதுகில் இரண்டு வைத்தாள். அடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதாள். கண்டக்டர் வந்து நின்று, "ஏனுங்க, நீங்க எழவுக்குப் போறீங்களா, கலியாணத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டார். "அங்க போய்த்தானுங்க தெரியும்," என்றேன்.

டீச்சர் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். "வா கண்ணு, இப்பத்தான் எந்திரிச்சேன்," என்றார். நான் சொல்லியனுப்பியிருந்த மற்றவர்கள் முன்னாலேயே வந்திருந்தார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் வருகைப் பதிவை மனப்பாடமாக வாசித்தார். ஒவ்வொருத்தியாக எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றோம். என் முறை வரவில்லை.

"என்னைக் கூப்பிடலீங்களே?"

"உன்ற பேரை எட்டாவதுலயே அடிச்சாச்சு."

"அப்ப நான் வெளிய போறனுங்க. பணியாரச் சட்டியும் எங்கூட வரும்."

அன்றைக்கு யாரும் முந்தானைக்குள் சிரிக்கவில்லை. வாய் விட்டுச் சிரித்தோம். கிளம்பும்போது எல்லாரும் எல்லாருக்கும் "போய்ட்டு வர்றேன்" சொன்னோம். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவும் வந்தது. டீச்சர் ஒவ்வொருத்தி தலையிலும் கனகாம்பரம் வைத்துவிட்டார். பொங்கலூர்க்காரியைப் பஸ் ஏற்றிவிட்டு நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எழவுக்குப் போய் வந்தவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. மாமியார் அதற்காக வாசலிலேயே அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி வைத்து, மாற்றுப் புடவையும் எடுத்து வைத்திருக்கிறார். இவள் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த அண்டாவைச் சுற்றிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய் உலை வைத்திருக்கிறாள். தலையில் கனகாம்பரம் வேறு. மகனின் காதையே படிக்கத் தெரிந்தவருக்கு மருமகள் தலையில் இருக்கும் பூ தெரியாமலா போகும்?  வெந்நீர் ஆறும் வரை பொறுத்திருந்து, முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டுப் படுத்துக்கொண்டாராம்.

அடுத்த பருத்தி வண்டியில் மகனோடு மாமியாரும் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். நான் மடித்துக்கொண்டிருந்த பனியன் மடியிலேயே நின்றுவிட்டது. மகன் பக்கம் பார்த்தேன். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி மாமியார் பொங்கலூர்க்காரியை இந்த ஜென்மத்தில் வெளியே விடமாட்டார் என்று நினைத்தேன். அவள் சொல்லியனுப்பியது உண்மையாகிவிடும், அவள் செத்தால்தான் பார்க்க முடியும் என்று தோன்றியது.

"வாத்தியாரம்மா ஊட்டுக்கு வழி காட்டு சாமி," என்றார். "நானும் ஒரு எட்டுத் துக்கம் கேட்டுட்டு வந்தர்றேன்."

இருக்கிற சந்துபொந்தெல்லாம் சுற்றி அழைத்துப் போனேன். எதுவும் யோசனை வரவில்லை. கடைசியில் டீச்சர் வீடு வந்துவிட்டது. டீச்சர் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பத் தேவலைங்களா?" என்று கேட்டார்.

"ஏதோ இருக்கறனுங்க," என்றார் டீச்சர். "உக்காருங்க, காப்பி போடறேன்."

மாமியார் காப்பியை ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ற மருமகளுக்கு வெளிய போகோணும்னா கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டா உடுவீங்களா அத்தை?"

"உடமாட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் சிரிக்கவில்லை.

"ஆனா கொழந்தைக இருக்கற ஊட்டு வாசல்ல வந்து இல்லாத சாவைச் சொல்லாத. மனசுக்கு ஆகறதில்லை. அன்னைக்கு ராத்திரி பூரா இவிங்களை நெனச்சு நானே அழுதேன். காதுகுத்துன்னு சொல்லு, வளைகாப்புன்னு சொல்லு. அனுப்பறேன். ஆனா ஒண்டியா அனுப்ப மாட்டேன், நானும் வருவேன்."

அப்படியே ஆயிற்று. அதன் பிறகு எங்கள் வகுப்பு நல்ல காரியங்களில் கூடியது. பொங்கலூர்க்காரி ஒன்றையும் விடாமல் வந்தாள். அவள் மாமியாரும் வந்தார். அதில்தான் ஒரு சிக்கல். அவர் நடுவில் உட்கார்ந்திருந்தால் மாமியார்களைப் பற்றி எப்படிப் பேசுவது? அதை எடுத்துவிட்டால் எங்களிடம் பேச என்ன மிச்சம்? வெங்காய விலையைப் பேசினோம். மழை பேசினோம். ஒரு காதுகுத்து முழுக்க உம்மென்று போயிற்று. அடுத்ததில் அவரே பொறுக்காமல் ஆரம்பித்தார்.

"இதென்ன, எழவூடு மாதிரி உக்காந்திருக்கறீங்க? எங்க மாமியா ஒருத்தி இருந்தா பாருங்க…"

செத்துப்போன அந்தக் கிழவியைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டால், எங்கள் மாமியார்களை எல்லாம் கோயில் கட்டிக் கும்பிடலாம். நெருப்பெரிச்சல்காரி சிரித்துச் சிரித்து இலையிலேயே சாய்ந்துவிட்டாள். அதன் பிறகு டீச்சர் வருகைப் பதிவு வாசிக்கும்போது கடைசியில் "பொங்கலூர் அம்மா" என்று சேர்த்துக்கொண்டார். அவர் உட்கார்ந்தபடியே, "இருக்கறனுங்க," என்பார். என் பேரை மட்டும் டீச்சர் கடைசி வரை சேர்க்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒரு நாள் பொங்கலூர்க்காரியின் வீட்டுக்காரர் தனியாக வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். மோர் வேண்டாம் என்றார்.

"அம்மா போயிட்டாங்க."

நான் முதலில் அவர் காதைத்தான் பார்த்தேன். சிவக்கவில்லை.

எல்லாரும் போனோம். டீச்சரும் வந்தார். கட்டிப்பிடித்து அழுதோம். மூலையில் வட்டமாக உட்கார்ந்தோம், ஆனால் பேச்சு எதுவும் எழவில்லை. நான் கொண்டுபோன கட்டிங் வேஸ்ட் பை அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தீர்ந்துபோனது.

பஸ்ஸுக்கு நேரமானதும் மற்றவர்கள் முறைப்படி சத்தமில்லாமல் எழுந்தார்கள். இத்தனை காதுகுத்து, வளைகாப்புக்குப் போய்ப் பழகிய என் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "போய்ட்டு வர்றோம்," என்று சொல்லிவிட்டேன். பந்தலில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஏனம்மா, எழவூட்டுல சொல்ற பேச்சா இது?" என்று ஒரு பாட்டி சீறினார்.

பொங்கலூர்க்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சொல்லட்டுமுங்க," என்றாள். பிறகு என்னிடம், "வாங்கடி. இனி என்னால ஊட்டை உட்டு நகர முடியாது. மாடு கன்னைப் பாக்க இருந்த ஆளு போயிட்டாங்க. நீங்கதான் வரோணும்," என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, பனியன் மூட்டைகளை அடுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன். நெருப்பெரிச்சல்காரி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். என் மாமியார் வாசலில் மறித்துக் கேட்டார்.

"எங்க கெளம்பிட்ட?"

"பொங்கலூருக்குங்க."

"மறுபடியும் யாரு செத்தா?"

"ஒருத்தரும் சாகலீங்க."

"காதுகுத்தா?"

"இல்லீங்க. சும்மா. கூடப் படிச்சவளைப் பாத்துட்டு வரலாம்னு."

மாமியார் என் காதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. "போய்ட்டு வர்றனுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.