ஆழப் பக்கத்துக் கயிறு

அந்தப் பொது நீச்சல் குளத்தில் காவல் பார்க்கிறவளுக்கு உட்கார வராது. உயரமான இரும்பு நாற்காலி ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் துண்டுதான் காயும். கழுத்தில் விசிலோடு கரையைச் சுற்றிச் சுற்றி வருவாள். குளிக்க வருபவர்கள் ‘விசில் அக்கா’ என்பார்கள். “கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ” என்பான் கணவன். வீட்டில் நிரம்பிய வாளி திறந்து கிடந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததுமே மனசு சரியில்லை. தத்தளிப்பவரைக் கரையிலிருந்தே எட்டி இழுக்கிற நீளக் கொக்கிக் கம்பு சுவரில் இல்லை. உடை மாற்றும் அறைக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அதன் நுனியில் பிரஷ்ஷைக் கட்டி வேலை பார்த்துவிட்டு எங்கேயோ போட்டுப் போயிருந்தார்கள். பம்பு அறை வரை தேடினாள். கிடைக்காமல், ஆழப் பக்கத்தைக் கயிறு கட்டி அடைத்தாள்.

“ஒரு கம்புக்காகப் பாதிக் குளத்த மூடுவாங்களா?” என்றார் மேலாளர்.

“கம்பு வந்ததும் அவுத்துடறேன் சார்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே தேடப் போனார்.

அன்று பார்த்து அவள் அக்கா குடும்பத்தோடு வந்தாள். அத்தான் இளவயதில் ஆற்றை நீந்திக் கடந்த கதை உறவில் எல்லோருக்கும் மனப்பாடம். வருஷத்துக்கு வருஷம் ஆறு அகலமாகிக்கொண்டே வந்தது.

“என்ன கொழுந்தியா, நமக்கே கயிறா?”

“உங்களுக்கும்தான் அத்தான். பிள்ளைங்க பக்கத்துலயே இருங்க.”

ஈரத் தரையில் ஓடிய இரண்டு பேரை அதட்டிவிட்டுத் திரும்பினாள். கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் அத்தானின் தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து திறந்து மூடியது. சத்தமே இல்லை. “அப்பா வித்தை காட்டுறாரு” என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

விசிலை ஊதிக்கொண்டே மிதவை வளையத்தை வீசினாள். கைக்கெட்டும் தூரத்தில்தான் விழுந்தது. பதற்றத்தில் அது அவர் கண்ணில் படவில்லை. இன்னொரு மிதவையோடு குதித்து, அதை இருவருக்கும் நடுவே திணித்தாள். அவர் மிதவையைவிட்டு அவள் தோளில் ஏறப் பார்த்தார். அவளும் முழுகினாள். உதறி வெளியேறி, பின்பக்கமாக வந்து அணைத்துக் கரைக்கு இழுத்தாள். ஓடிவந்த மேலாளர் கைகொடுத்துத் தூக்கினார்.

“ஒண்ணுமில்ல, தசை பிடிச்சிருச்சு. வீட்டுக்குப் போவோம்” என்றார் அத்தான், இருமலுக்கு நடுவே.

“நெஞ்சுக்குள்ள தண்ணி போயிருந்தா அப்புறம்தான் மூச்சு திணறும். டாக்டர் பாக்காம அனுப்ப மாட்டேன்.”

“விடுடி, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் அக்கா.

“பாக்கட்டும்.”

மருத்துவமனையில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, மூச்சுக்கு முகமூடி வைத்துப் படுக்கவைத்தார்கள். அவள் ஈர உடையோடு நடைக்கூடத்தில் அலைந்தாள்.

“கொஞ்சம் உக்காரேன்டி. தலை சுத்துது எனக்கு.”

உட்கார்ந்தாள். அடுத்த நொடியே எழுந்துவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

மறுநாள் அத்தான் வீடு திரும்பினார். அதன்பின் வெகுநாள் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆற்றுக் கதையும் நின்றுபோனது. பிறகு ஒருநாள் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அவரே கூட்டிவந்து, கரையோரப் பெஞ்சில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். சின்னவன் துள்ளி ஓடினான்.

“ஓடாத. சித்தி சொன்னாக் கேட்டுக்க” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அவள் காதில் அது விழவில்லை. எதிர்க்கரையில் குனிந்து, கொஞ்ச நேரமாக மேலே வராத ஒரு தலைக்காகக் காத்திருந்தாள். வந்தது. நடந்தாள்.