கதவைத் தட்டியது யார்?

யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய திறமூல மென்பொருள் ஒன்றை எடுத்துத் திருத்த வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். தோழிகள் பேர்போனவற்றைப் பிடித்துக்கொள்ள, இவளுக்கு மட்டும் எதிலும் மனம் ஒட்டவில்லை.

ஒருநாள் அம்மா ஓட்டும் பள்ளி வேனில் போனாள். கைபேசியில் ஒரு செயலி கதை வாசிக்க, அம்மாவும் வரி பிசகாமல் கூடவே சொன்னாள்.

“கதையில கதவத் தட்டுறது யாரும்மா?”

“யாருக்குடி தெரியும்? அதுக்குள்ள ஸ்டாப் வந்துடும். நிறுத்திட்டு மறுபடி போட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. ஆறு மாசமா தட்டிக்கிட்டே இருக்கான். ஆப்ப சும்மா குடுத்தவங்கள குறை சொல்லலாமா?”

அந்தச் செயலியும் திறமூலம்தான். விட்ட இடத்தை நினைவில் வைக்கப் பன்னிரண்டு வரி நிரல் எழுதி அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், வேன் வந்து நின்றும் அம்மா இறங்கவில்லை. இவள் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“சும்மா இருடி, கதவத் திறக்கப் போறா!”