மதகடிப்பட்டில் ஒரு சிங்கப்பூர்

குருவிநத்தத்தில் காது குத்தினால் பேனர், மஞ்சள் நீராட்டினால் பேனர், செத்தால் கருமாதிக்கும் ஒரு பேனர். நடுவில் பெரிய படம், கீழே வரிசையாகக் கும்பிட்ட கையோடு முகங்கள். துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் அதே முகங்கள்தான். நான் ஒன்பதாவது முடித்த கோடையில் என் முகமும் அப்படி ஒன்றில் ஏறியது. பின்னால் ஒரு விமானம், வானத்தை முட்டும் கட்டடங்கள், முன்னால் நான் பள்ளிச் சீருடையில், ரெட்டைச் சடையோடு. 'கல்விச் சுற்றுலாவுக்காகச் சிங்கப்பூர் செல்லும் எங்கள் குலவிளக்கை வாழ்த்தி வழியனுப்புகிறோம்' என்று எழுதியிருந்தது. கீழே முதல் ஆளாக எதிர்வீட்டுச் சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்பாவுக்குப் பங்காளி.

பயணத்தை ஏற்பாடு செய்தவர் பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். கொளுத்தும் வெயிலில் கோட்டு போட்டிருந்தார். கோடைக்காலக் கற்றல் முகாம், ஒரு வாரம், அறிவியல் மையம், பல்கலைக்கழகம், பறவைப் பூங்கா என்று அடுக்கினார். பிள்ளைகளுக்கு எக்ஸ்போஷர் வேண்டும் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். கரும்பு போடும் என் அப்பா மதராஸைத் தாண்டிப் போனதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நம்ம பொண்ணுக்கு எக்ஸ்போஷர் இல்லியாம்டி" என்று ஏதோ சத்துக்குறைவு போலச் சொன்னார். என் பள்ளியில் வேறு யாரும் பேர் கொடுக்கவில்லை, மற்ற பிள்ளைகள் எல்லாம் டவுன் பள்ளிக்கூடங்களிலிருந்து என்றார்கள். அந்த வருடத்துக் கரும்புப் பணம் கோட்டுக்காரரிடம் போனது.

பாஸ்போர்ட் வந்த அன்றே அப்பா பேனருக்குச் சொல்லிவிட்டார். விசா என்று ஒன்று இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. நீலப் புத்தகம் கையில் இருந்தால் பாதி சிங்கப்பூர் வந்துவிட்ட மாதிரி என்று நினைத்துக்கொண்டோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது. இந்த பேட்ச் நிரம்பிவிட்டது, அடுத்த பேட்ச்சில் முதல் பேர் உங்கள் பெண்தான் என்றார் கோட்டுக்காரர். அப்பா "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். எனக்கு இன்று வரைக்கும் ஆறாதது அந்த 'சரிங்க சார்'தான். வாய்க்கால் தண்ணீருக்காக ஊரையே எதிர்த்து நின்றவர், ஒரு கோட்டைக் கண்டதும் சார் சார் என்று குழைந்துவிட்டார்.

அம்மா மட்டும் கத்தினாள். "போய்ச் சட்டையப் புடிங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க."

"ஸ்டேஷனுக்குப் போனா ஊருக்குத் தெரியாதா? பேனரு கட்டியாச்சுடி."

அவ்வளவுதான் பேச்சு. கோட்டுக்காரர் எங்களை மிரட்டவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் பேனரே அவருக்குக் காவல் நின்றது.

மறுநாள் காலை தெருவே திரண்டு வந்து என்னை வழியனுப்பியது. ஆரத்தி சுற்றினார்கள், திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். சித்தப்பா என் கையில் நோட்டைத் திணித்து, "அங்க இன்னா வேணுமோ வாங்கிக்கம்மா" என்றார். புது சிவப்பு டிராலிப் பெட்டியோடு நான் காரில் ஏறினேன். அப்பாவே ஓட்டினார். வில்லியனூர் தாண்டி, மதகடிப்பட்டில் கார் நின்றது. அங்கே என் அத்தை வீடு. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அதுதான் என் சிங்கப்பூர்.

ஒரு வாரம் அந்த அறையில் கிடந்தேன். வெளிநாட்டில் இருப்பவள் போன் எடுக்கக் கூடாது என்று அப்பா என் போனை அணைத்து எடுத்துப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு எங்கள் ஊர் ஆட்கள் மாடு வாங்க வருவார்கள் என்று ஜன்னலையும் சாத்தி வைத்தார்கள். மேலே கூரை வேகும், கீழே மாடுகள் கத்தும். அத்தை பரோட்டா வாங்கி வந்து வைத்துவிட்டு, "சிங்கப்பூர்ல இன்னாடி இவ்ளோ வெக்கை?" என்பாள். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

அழுதது போக மிச்ச நேரத்தில் படித்தேன். அத்தையின் போனில் சிங்கப்பூர் வீடியோக்களாகப் பார்த்தேன். ரயில் எப்படிக் கதவு திறக்கும், தெருவில் எச்சில் துப்பினால் என்ன ஆகும், பறவைப் பூங்காவில் கிளி எங்கே உட்காரும் என்று எல்லாம் மனப்பாடம். எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படிப் படித்ததில்லை. கடைசி நாள் மாமா புதுச்சேரியிலிருந்து சாக்லேட் பெட்டிகளும் தைலம் பாட்டில்களும் வாங்கி வந்தார். அத்தை உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் தைலத்துக்கு அடிதடி. பள்ளி திறந்தபோது காலை வழிபாட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். கிளியைப் பற்றிச் சொன்னபோது கைத்தட்டினார்கள். அப்பா அன்று ராஜநடை நடந்தார். அடுத்த பேட்ச் வரவில்லை. கோட்டுக்காரரின் எண் கொஞ்ச நாளில் உபயோகத்தில் இல்லை என்றது. என்னை ஏமாற்றியவரை நான் சீக்கிரம் மறந்துவிட்டேன். ஒளித்து வைத்தவரைத்தான் மறக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போது நான் பிள்ளையார்குப்பத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். சித்தப்பாவின் பெண் இந்த வருடம் ஒன்பதாவது முடித்தாள். ஏப்ரலில் சித்தப்பாவும் சித்தியும் ஸ்வீட் பெட்டியோடு வந்தார்கள். பெண்ணைச் சிங்கப்பூர் முகாமுக்கு அனுப்பப் போகிறார்களாம், மறுநாள் பணம் கட்ட வேண்டுமாம். கம்பெனிப் பேர் வேறாக இருந்தது. யார் வந்து பேசினார்கள் என்று கேட்டேன்.

"கோட்டு போட்டுக்குனு ஒருத்தர் வந்தாரும்மா. உங்க ஊர் பொண்ணு ஏற்கெனவே எங்ககூட வந்திருக்குன்னு போன்ல காட்டுனாரு பாரு, உன் பேனரு! அப்பறம் இன்னா யோசனை?"

அந்த ஆள் என் பேனரைப் படம் பிடித்து வைத்து, இத்தனை வருடமாக அதைக் காட்டியே ஊர் ஊராக வசூல் செய்திருக்கிறார். ஒரு தரம் ஏமாற்றியது போதாதென்று என் முகத்தை வேலைக்கும் வைத்திருக்கிறார்.

"சித்தப்பா, பணம் கட்டாதீங்க. நான் போவவே இல்ல" என்றேன். மதகடிப்பட்டு, மாடி அறை, சுரண்டிய ஸ்டிக்கர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். வாசற்படியில் நின்றபடி அவர்கள் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. "நீ மட்டும் போயிட்டு வந்தா போதுமா? எங்க பொண்ணு போவக் கூடாதா? இவ்ளோ வயித்தெரிச்சல் ஆவாதுடி."

"வயித்தெரிச்சல் இல்ல சித்தி. அப்பாவையே கேளுங்க."

சித்தி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மாமா. உங்க பொண்ணு சிங்கப்பூர் போச்சா, இல்லியா?"

அம்மா சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். நான் அப்பாவையே பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண் தப்பித்துக்கொள்வாள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"போயிட்டுத்தான் வந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. அம்மா உள்ளே போய்விட்டாள். சித்தி ஸ்வீட் பெட்டியைக்கூட வைக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

மே மாதம் பேனர் வந்தது. வேலைக்குப் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதே விமானம், அதே கட்டடங்கள், நடுவில் அந்தப் பெண். கீழே வாழ்த்துபவர்கள் வரிசையில் முதல் ஆளாக, கும்பிட்ட கையோடு என் அப்பா.

பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வயித்தெரிச்சல் என்று சொன்ன அதே வாயால், முந்தானையைத் திருகிக்கொண்டு, "அடுத்த பேட்ச்சுல அனுப்புறாங்களாம்மா" என்றாள். அவளை நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் பேசிப் பார்த்திருந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"பேனரக் கழட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போலாம் சித்தி. நான் கூட வர்றேன். சாட்சி சொல்றேன்."

"கழட்டுனா கேப்பாங்களேம்மா" என்றாள். பிறகு மெதுவாக, "அந்த மதகடிப்பட்டு மாடி... இப்ப காலியாத்தான கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா அத்தைக்குப் போன் போட்டுவிட்டார்.

காலையில் அந்தப் பெண்ணே பெட்டி கேட்டு வந்தாள். பரணிலிருந்து சிவப்புப் பெட்டியை இறக்கித் துடைத்துக் கொடுத்தேன். "வேணாம்னு சொல்லுடி, நான் இருக்கேன்" என்றேன். வாசலில் நின்ற தன் அப்பாவைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரந்தானக்கா" என்றாள். தெருவே திரண்டிருந்தது. ஆரத்தி, பூசணிக்காய், எல்லாம் நடந்தது. கார் கிளம்பியதும் எல்லோரும் கையசைத்தார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்காரர்களின் கைதான் எல்லாருக்கும் மேலே உயர்ந்து ஆடியது. என் கையும் அதில் இருந்தது.