படுக்க வைத்த விஸ்கி

போன செவ்வாய்க்கிழமை என் வாயை முகர்ந்து பார்த்தார்கள். இருபது வருஷமாகக் கிளப் ஸ்டோரின் சாவிக்கொத்தை வைத்திருந்தவன் வாயை... வெள்ளைக்கார மேனேஜர், மூக்கை நீட்டி!

எல்லாம் ஒரு விஸ்கியால். நாலைந்து சரக்கைக் கலந்து விற்பார்களே, அது இல்லை. ஸ்காட்லாந்தில் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்து, நாற்பது வருஷம் மரப் பீப்பாயில் கிடந்த சரக்கு. வடிசாலை முதலாளியே கிளப்புக்குப் பரிசாக அனுப்பியது. அவர் சிங்கப்பூர் வரும்போது அவர் கையாலேயே திறக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பூட்டி வைத்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவர் வருகிறார். காலையில் தூசி துடைக்கலாம் என்று போத்தலை எடுத்தேன். பாதி இல்லை.

ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன்.

என் வாயில் காப்பி வாசம்தான் வந்தது. "அப்படியானால் இங்கே குடிக்கிறவன் யார்?" என்றார் மேனேஜர். எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளாஸ் கழுவும் சின்னையா. ஞாயிற்றுக்கிழமையானால் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கள்ளுக்கடையில் இருப்பான். வாரம் ஒருமுறை ஸ்டோரைக் கூட்டுகிறவனும் அவன்தான். போதாதா?

நாலு மணிக்குள் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் போலீஸ். வேலை போகும். வேலை போனால் கிளப்புக்குப் பின்னால் இருக்கும் அறையும் போகும். அதில் அவன் மனைவியும் நாலு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

"அண்ணே, கள்ளு குடிப்பேன், இல்லேன்னு சொல்லல. அந்தச் சனியன் போத்தலத் தொட்டதுகூட இல்லண்ணே. தொரகிட்ட நீங்க சொல்லுங்க லா!"

"சொல்றேன்டா, இரு. பூட்ட யாராச்சும் நோண்டியிருக்கானான்னு பாக்குறேன்."

பூட்டு சரியாக இருந்தது. போத்தல் இருந்த தட்டில் கை வைத்தேன். பலகை பிசுபிசுத்தது. விரலை முகர்ந்தேன். விஸ்கி! போத்தல் வாயில் சுற்றியிருந்த ஈயத் தகடு தளர்ந்திருந்தது; அதை நீக்கிவிட்டுக் கார்க்கை அழுத்தினேன். நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

ஒயினைப் படுக்க வைக்க வேண்டும், கார்க் காயக் கூடாது — வேலைக்கு வந்த முதல் நாளே கற்ற பாடம். உசத்திச் சரக்காயிற்றே என்று இந்த விஸ்கியையும் ஒயினோடு படுக்க வைத்தவன் நான். மற்ற விஸ்கிக்கெல்லாம் திருகு மூடி. விஸ்கி கார்க்கை அரித்துவிடும், அதை நிற்கத்தான் வைக்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மூன்று வருஷமாகக் கசிந்திருக்கிறது. நம் ஊர் வெக்கையில் கசிந்தது கசிந்தபடியே காய்ந்துபோயிருக்கிறது.

நான் வாயைத் திறக்காவிட்டால்? வேலை எனக்கு, போலீஸ் அவனுக்கு. ஒருவருக்கும் தெரியாது. மறைக்காமல் சொல்கிறேன் — அரை மணி நேரம் அந்த அறையிலேயே நின்றேன். எனக்கும் குடும்பம் இருக்கிறதே...

வெளியே ஒரு கிளாஸ் உடைந்தது. வரப்போகும் விருந்தாளிக்காகச் சின்னையாதான் கழுவிக்கொண்டிருந்தான்.

போய்ச் சொல்லிவிட்டேன். மேனேஜர் நம்பவில்லை. "விஸ்கி தானாக எழுந்து போகுமா? உன் ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறாய்!"

நாலு மணிக்கு வடிசாலைக்காரர் வந்தார். பலகையை முகர்ந்தார். கார்க்கைக் கிள்ளிப் பார்த்தார். "இவர் சொல்வது சரி" என்றார். பிறகு மிச்சத்தை ஊற்றிக்கொண்டு சிரித்தார். "எங்கள் கிடங்கில் பீப்பாயிலேயே வருஷா வருஷம் குறையும். தேவதைகள் குடித்துவிட்டதாகச் சொல்வோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும்தான்.

சாவிக்கொத்து இப்போது என்னிடம் இல்லை. தப்பு என்னுடையது, போகட்டும். சின்னையாவிடம் யாராவது ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தார்களா? கிளாஸை ஏன் உடைத்தாய் என்று மட்டும் கேட்டார்கள்.

அவர்கள் ஊரில் விஸ்கி குறைந்தால் தேவதை குடித்தது. நம் ஊரில் குறைந்தால் சின்னையா குடித்தான்!